ஒன்பதில் ஒன்றுக்கு வெளிக்கை இல்லை

1986 ஆகஸ்டில் எங்கள் குவார்ட்டர்ஸ் சமையலறை ஜன்னலில் ஐந்து ஊறுகாய் பாட்டில்கள் வந்து உட்கார்ந்தன. மாதம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. என் மனைவியின் ரயில் சீசன் டிக்கெட்டை அப்போதுதான் மூன்று மாதத்துக்கு ஒன்றாக மாற்றினோம். ஆவடியில் ஏறி நகரத்துக் கல்லூரிக்குப் போய்வருவாள். அங்கே அவள் முனைவர் பட்ட ஆய்வில் இருந்தாள். நான் ராணுவ வாகனங்கள் செய்யும் தொழிற்சாலையில் திட்டப் பிரிவு குமாஸ்தா.

பாட்டில்களில் இருந்தது கொரட்டூர் ஏரிக்கரையில் எடுத்த தண்ணீர். வந்தபோது வெறும் கலங்கல். அவள் சில உப்புகளைக் கலந்து, வெயில் நேராகப் படாமல் வைத்துப் பராமரித்ததில் கொஞ்ச நாளில் வெளிர்பச்சை ஆனது. அந்தப் பச்சை பாட்டில் முழுக்கப் பரவாமல் ஜன்னல் பக்கமாக ஒரு பட்டைபோல் ஒட்டி நின்றது. பாட்டிலைத் திருப்பி வைத்தால், காப்பி குடித்துவிட்டு வருவதற்குள் பட்டை மறுபடி ஜன்னல் பக்கம் வந்திருக்கும்.

எதிர்வீட்டு அம்மாள் இதை இரண்டு முறை சோதித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஏம்மா, குழாயில தண்ணி வரலன்னு நாங்க அல்லாடுறோம். நீ பாசி புடிச்ச தண்ணிக்கு ஜன்னல் சீட்டு குடுத்து உக்கார வச்சிருக்க."

"அதுங்களுக்கு வெளிச்சம் வேணும்க்கா. நீந்தி வருதுங்க."

"கையா காலா இருக்கு, நீந்த?"

"கை இருக்குக்கா. அதத்தான் படிக்கிறேன்."

அவள் விளையாட்டாகச் சொல்லவில்லை. அந்தப் பச்சை, ஒற்றைச் செல் பாசி. ஒவ்வொன்றுக்கும் முன்பக்கம் இரண்டு மெல்லிய கசையிழைகள் உண்டு. நீச்சல்காரர் இரண்டு கைகளையும் முன்னே நீட்டித் தண்ணீரைப் பின்னால் வகிர்ந்து தள்ளுவதுபோல், அது அந்த இழைகளை வீசி முன்னேறும். ஒரு தலைமயிரின் குறுக்களவுக்குள் அப்படிப்பட்ட இருநூறுக்கும் மேற்பட்ட இழைகளைப் பக்கம்பக்கமாக அடுக்கிவிடலாம். ஆனால் அந்த இழை வெறும் நூல் அல்ல. குறுக்கே வெட்டி எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால், நடுவில் இரண்டு நுண்குழல்கள், அவற்றைச் சுற்றி வட்டமாக, இரண்டிரண்டாக ஒட்டிய ஒன்பது இணைக்குழல்கள். ஒவ்வோர் இணையிலிருந்தும் பக்கத்து இணையை நோக்கி இரண்டு சிறு கைகள் நீளும். ஒன்று வெளிக்கை, மற்றது உள்கை. அடியிலிருந்து நுனியை நோக்கிப் பார்த்தால், எல்லாக் கைகளும் கடிகார முள் சுற்றும் திசையிலேயே நீண்டிருக்கும்.

இந்தக் கைகள்தான் இயந்திரம். டைனீன் என்ற புரதத்தால் ஆனவை. நான் நூலகத்தில் வரலாறும் பயணமும் படித்துப் பழகியவன். புரதம் என்றால் பருப்பு என்பதோடு என் அறிவு நின்றிருந்தது. அவள் சொல்லித்தான் தெரிந்தது, ஒரு வெளிக்கை என்பது பல புரதங்கள் சேர்ந்த ஒரு கொத்து என்று. அடிப்பாகம் ஒரு குழலில் அசையாமல் ஊன்றியிருக்கும். அதிலிருந்து தலைகள் கிளம்பும். கடல் முள்ளெலியின் விந்தணு வாலில் ஒரு வெளிக்கைக்கு இரண்டு தலைகள். இந்தப் பாசி இனத்தில் மூன்று. ஒவ்வொரு தலையும் செல்லின் எரிபொருளைத் துளித்துளியாகச் செலவழித்து, பக்கத்துக் குழலைப் பற்றி, இழுத்து, விட்டு, மறுபடி பற்றும். இதைக் கேட்ட அன்று நான் அலுவலகத்தில் ஒரு கோப்பையும் ஒழுங்காகப் பார்க்கவில்லை.

எனக்குப் புரியாத ஒன்று இருந்தது. குழல்கள் ஒன்றை ஒன்று இழுத்தால் நழுவத்தானே செய்யும், ஏன் வளைகிறது? அதே கேள்வியை என்னைவிடச் சத்தமாகக் கேட்டவர், எங்கள் தொழிற்சாலை வரைபடப் பிரிவில் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்த என் நண்பர். வெள்ளானூர்க்காரர். அவர் குடும்பத்துக்கு அங்கே இன்னும் நெல் விளைந்துகொண்டிருந்தது. வாரநாளில் டாங்கி உதிரிபாகங்களை வரைவார், முகூர்த்த நாளில் கல்யாண போட்டோ எடுப்பார்.

"இன்னா தங்கச்சி நீ சொல்றது? இஸ்துகினா நவுந்து போவும். வளையறது எப்பிடி?"

அவள் என் கருவிப்பெட்டியிலிருந்து பழைய ஆக்ஸா பிளேடு இரண்டை எடுத்தாள். ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, ஒரு முனையைத் துணி கிளிப்பால் இறுக்கினாள். "இப்ப இன்னொரு முனையில ஒண்ண மட்டும் தள்ளுங்கண்ணே." அவர் தள்ளினார். நழுவ இடமில்லாத பிளேடுகள் இரண்டும் வில்லாக வளைந்தன. கையை எடுத்தார், நிமிர்ந்தன. மற்றதைத் தள்ளினார், எதிர்ப்பக்கம் வளைந்தன.

"அடேய்," என்றார் அவர், யாரைப் பார்த்தும் இல்லாமல். "இதுக்கு ஒரு டிசைனரு இல்லாம எப்பிடி மச்சான்?"

அன்றிலிருந்து அவரும் அந்த ஆய்வுக்குள் வந்துவிட்டார் என்றுதான் சொல்ல வேண்டும்.

அவளுடைய கேள்வி எளிது. கொரட்டூர்ப் பாசி, ஆய்வகங்களில் எல்லோரும் வளர்க்கும் பாசியைவிட மெதுவாக நீந்தியது. வெளிக்கைகளே இல்லாத சில பிறழ்வு வகைகள் மெதுவாக நீந்தும் என்று வெளிநாட்டில் கண்டிருந்தார்கள். ஏரிப்பாசிக்கும் வெளிக்கை இல்லையா, அல்லது இருந்தும் மெதுவா? அதைச் சொல்லக் குறுக்குவெட்டுப் படங்கள் வேண்டும். எலெக்ட்ரான் நுண்ணோக்கி அவள் கல்லூரியில் கிடையாது. வேறொரு நிறுவனத்தில் மாதக்கணக்கில் காத்திருந்து, 1987 தொடக்கத்தில் ஒரு கட்டு படங்கள் பெற்று வந்தாள்.

படங்களில் வெளிக்கைகள் இருந்தன. எங்கள் வீட்டில் அன்று பாயசம். ஆனால் அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியர் படங்களை ஜன்னல் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, ஒரு படத்தில் விரல் வைத்தாராம். ஓர் இணையில் வெளிக்கை இல்லை. அடுத்த படத்திலும் ஓர் இணையில் இல்லை. "பதப்படுத்தும்போது பிய்ந்து போயிருக்கிறது," என்றார். "ஒரு கை பிய்ந்த இடத்தில் மற்றதெல்லாம் முழுசா இருக்குன்னு எப்படிம்மா நம்புறது? நீ உடைச்சுட்டு வந்த இயந்திரத்தைப் பத்தி நீயே எழுதுவியா?"

அந்த அத்தியாயம் போனால் ஆய்வேடு நிற்காது. உதவித்தொகை அடுத்த மார்ச்சோடு முடிகிறது. மறுபடி நுண்ணோக்கிக்கு வரிசையில் நிற்க நேரமில்லை. அவர் கடுமையானவர், ஆனால் கெட்டவர் அல்லர். வழியும் அவரே சொன்னார். வைரஸ் படங்களுக்குச் செய்வதுபோல், வட்டத்தின் ஒன்பது பங்கும் ஒன்றுபோல் அமைந்த படத்தை ஒரே தாளில் ஒன்பது முறை, ஒவ்வொரு முறையும் நாற்பது பாகை சுழற்றிச் சுழற்றி அச்சிடலாம். தற்செயலான அழுக்கு மங்கும். எல்லா இணைகளுக்கும் பொதுவானது திடமாகும். "தெளிவா வந்தா பார்ப்போம்" என்றார்.

என் நண்பருக்கு இதைவிட இனிப்பான செய்தி இருக்க முடியாது. "முன்னூத்தி அறுவதுல ஒம்போது, நாப்பது டிகிரி. நம்ம மில்லிங் செக்ஷன்ல டெய்லி பண்றது. இத்தினியூண்டு சக்கரத்துக்கா தங்கச்சி மூஞ்ச தொங்க போட்டுகினு கீறே?"

வெள்ளானூரில் அவர் வீட்டுக் குளியலறைதான் இருட்டறை. ஜன்னலுக்குக் கம்பளி. ஒட்டுப்பலகையில் ஒரு வட்டத்தட்டு, ஓரத்தில் ஒன்பது துளைகள், நடுவில் ஆணி. தட்டின்மேல் போட்டோத் தாள். நுண்ணோக்கிப் படத்தை மறுபடி படம்பிடித்துச் சிறு ஃபிலிமாக்கி என்லார்ஜரில் மாட்டியிருந்தார். ஒன்பதில் ஒரு பங்கு வெளிச்சம், ஒரு துளை திருப்பு, மறுபடி வெளிச்சம். தெருவே தொலைக்காட்சி முன்னால் அடங்கிக் கிடந்த அந்த வருடத்து ஞாயிறு காலைகளில் நாங்கள் மூவரும் சிவப்பு விளக்கில் வியர்த்துக்கொண்டிருந்தோம்.

சுலபமாக வரவில்லை. மையம் ஓர் இழை தவறினாலும் தாளில் டேலியாப் பூ மலர்ந்தது. கல்யாண ஆல்பத்தின் முதல் பக்கத்துக்கு வைத்துக்கொள்கிறேன் என்று நண்பர் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டார். கடைசியில் ஒரு ஞாயிறு, கரைசலில் மிதந்த தாளில் அது வந்தது. சாம்பல் புகையாக இருந்த கைகள் கருமையாக, கொக்கி வளைவோடு, ஒன்பதும் ஒன்றுபோல். சொட்டச் சொட்ட அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டு நின்றவளின் முகம் சிவப்பு விளக்கில் இன்னும் எனக்குத் தெரிகிறது. பல கோயில்களின் விதானங்களைக் கழுத்து வலிக்கப் பார்த்திருக்கிறேன். இது கொரட்டூர் ஏரித்தண்ணீரில் இருந்தது. செதுக்கியவர் யாரும் இல்லை.

பேராசிரியர் மகிழ்ந்தார். இதையே போடு, பக்கத்தில் ஒரு கோட்டுப்படம் வரையச் சொல், அத்தியாயம் நிற்கும் என்றார்.

கோட்டுப்படம் நண்பரின் கௌரவப் பிரச்சினை ஆனது. டிரேஸிங் தாளில் இந்திய மையால் வரைந்து, கொரட்டூர்ப் பாசிக்குத் தொழிற்சாலைப் படத்தின் மரியாதையைக் கொடுத்தார். அவர் வேலை செய்த முறை அவர்கள் பிரிவில் எல்லோரும் செய்வது. பல்சக்கரம் வரையும்போது ஒரு பல்லைத்தான் கவனமாக வரைவார்கள். மீதி அதன் நகல். ஓரத்தில் 'சம இடைவெளியில் ஒன்பது' என்று எழுதினால் முடிந்தது. அவரும் ஓர் இணையைச் சுழற்றிய படத்திலிருந்து வரைந்து, மற்ற எட்டையும் அதிலிருந்தே எடுத்துவிட்டார்.

அவள் அந்த டிரேஸிங்கை வாங்கி, ஏதோ ஆசையில், சுழற்றாத பழைய படத்தின்மேல் வைத்துப் பார்த்தாள். குழல்கள் சரியாக உட்கார்ந்தன. எட்டு வெளிக்கைகள் உட்கார்ந்தன. ஒன்றின் அடியில் ஒன்றுமில்லை. டிரேஸிங்கை ஓர் இடம் திருப்பினாள். வேறொரு கை வந்து அதே வெற்றிடத்தின்மேல் நின்றது.

"அண்ணே, நீங்க இல்லாத கைய வரைஞ்சிருக்கீங்க."

"பிஞ்சி போச்சின்னு உங்க சாரே சொன்னாரே."

"பிஞ்சிருந்தா ஒரு படத்துல ரெண்டு பிஞ்சிருக்கணும், ஒரு படத்துல ஒண்ணுமே பிஞ்சிருக்கக் கூடாது. எல்லாத்துலயும் கரெக்டா ஒண்ணு பியுமா?"

அவர் யோசித்தார். "ஒரு லாட்டு சாமான்ல வர்ற டிஃபெக்ட்டு அப்பிடி எண்ணி ஒண்ணு ஒண்ணா வராது," என்று ஒப்புக்கொண்டார். பிறகு தன் டிரேஸிங்கைப் பார்த்தார். அவர் முகம் போன விதம் பாவமாக இருந்தது. "அப்போ இத கீசிடவா?"

"கிழிக்காதீங்க. இது இல்லன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காது."

சுழற்றிய படம் செய்த வேலை அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அது அழுக்கை மட்டும் மறைக்கவில்லை. எட்டுப் பேரிடமிருந்து கொஞ்சம் கொஞ்சம் எடுத்து, இல்லாத ஒன்றை நிரப்பிவிட்டது. அழகாகவும் நிரப்பியிருந்தது.

நான் நடைமுறைக்காரன். பேராசிரியர் ஏற்றுக்கொண்ட படம் கையில் இருக்கிறது, மார்ச் நெருங்குகிறது, பேசாமல் கொடுத்துவிடேன் என்றேன். அவள் கோபப்படவில்லை. "ஏங்க, தேதி தப்பா இருந்தா ஒரு புஸ்தகத்தையே மூடி வச்சுடுவீங்க நீங்க," என்றாள்.

அவளுக்கு இன்னொன்றும் கண்ணில் பட்டிருந்தது. கையில்லாத இணைக்கும் அதன் பக்கத்து இணைக்கும் நடுவே ஒரு சிறிய பாலம்போல் ஏதோ இருந்தது. எல்லாப் படங்களிலும் வெற்றிடமும் பாலமும் ஒரே இடத்தில் என்றால், அது உடைசல் இல்லை, அமைப்பு. ஆனால் பார்க்க ஆசைப்படுகிறவர் கண்ணுக்கு எங்கும் பாலம் தெரியும். அதனால் தன் கண்ணை அவள் நம்பவில்லை.

வழி நண்பரிடமிருந்து வந்தது. தொழிற்சாலையில் தகராறான பாகத்தை இரண்டு ஆய்வாளர்கள் தனித்தனியே அளப்பார்கள்; ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்கக் கூடாது. அப்படியே செய்தோம். அவள் படங்களைக் கலைத்துப் போட்டாள். நண்பர் கூடத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு படத்தின்மேலும் டிரேஸிங் துண்டு வைத்து, கையில்லாத இணையை மட்டும் குறித்தார். அதே படங்கள் வேறு துண்டுகளோடு சமையலறையில் எனக்கு. பாலம் தெரிகிற இடத்தை மட்டும் நான் குறிக்க வேண்டும். நடுவாசலில் அவள் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"மச்சான், அந்த கறுப்பு படத்துல உனக்கு எதுனா தெரியுது?"

"பேசக் கூடாதுண்ணே!"

"டீயாவது கேக்கலாமா, அதுவும் ரூல்ல கீதா?"

மாலையில் இரண்டு கட்டுகளையும் அவள் வாங்கி, ஜோடி ஜோடியாக ஜன்னல் கண்ணாடியில் வைத்தாள். நண்பரின் புள்ளியும் என் கோடும் பக்கம்பக்கமாக விழுந்தன. அடுத்ததிலும். அதற்கடுத்ததிலும். ஒரே ஒரு படத்தில் என் கோடு எங்கோ எதிர்ப்பக்கம் இருந்தது. அது மங்கலான படம். அதை ஒதுக்காமல், 'ஒன்று பொருந்தவில்லை' என்று தனியே எழுதி வைத்தாள். எனக்கு அவள்மேல் இருந்த மதிப்பு அந்த ஒரு வரியில் எத்தனை உயர்ந்தது என்று அவளிடம் நான் சொன்னதில்லை.

நண்பர் பரவசத்தில் இருந்தார். "தங்கச்சி, பைப்ப போல்ட்டு போட்டு மாட்டற ஃபிளான்ஜில ஒரே ஒரு ஓட்டைய தள்ளி போடுவோம். எதுக்கு? ஃபிட்டரு தப்பா மாட்டிடக் கூடாதுன்னு. இதுவும் அதான். மேல கீழ தெரியறதுக்கு அடையாளம்!"

"இங்க ஃபிட்டர் யாருண்ணே? தானாவே மாட்டிக்குது. அடையாளமான்னு எனக்குத் தெரியாது. இல்லங்கிறது மட்டுந்தான் தெரியும்."

அவர் விடவில்லை, அவளும் விட்டுக்கொடுக்கவில்லை. அந்த வாதம் இன்றுவரை தீராதது.

பேராசிரியர் டிரேஸிங் ஜோடிகளை வாங்கி, தானே ஜன்னலில் வைத்துப் பார்த்தாராம். பிறகு, "இது உண்மைன்னா நீ மட்டும் பார்த்திருக்க முடியாது. போய்த் தேடு," என்றார். கல்லூரி நூலகத்தில் அந்தத் துறை ஆய்விதழ் சில வருடங்களாக வருவதில்லை. வேறொரு நிறுவனத்தின் நூலகத்தில் அனுமதி வாங்கி, பழைய தொகுதிகளைப் புரட்டினாள். 1987 டிசம்பர் அது. அவள் அங்கே போன முதல் இரண்டு நாளும் மழை.

மூன்றாம் நாள் நேரத்தோடு வீடு வந்தாள். கைப்பையை வைத்துவிட்டு, நின்றபடியே சொன்னாள்: "கிடைச்சுடுச்சு. நாலஞ்சு வருஷம் முன்னாடியே எழுதிட்டாங்க. ஆய்வகப் பாசியில. ஒன்பதுல ஒண்ணுக்கு வெளிக்கை கிடையாது. அந்த இடத்துல பாலம். எல்லாம் அப்படியே. ரெண்டு கசையிழையிலயும் அந்தக் கையில்லாத பக்கம் ஒண்ணையொண்ணு பார்த்த மாதிரி இருக்குமாம். அது என் படங்கள்ல தெரியல."

எனக்கு என்ன முகம் வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அத்தியாயம் பிழைத்துவிட்டது, கண்டுபிடிப்பு கை நழுவிவிட்டது.

அவள் சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடித்தாள். திரும்பி வந்தபோது சிரித்துக்கொண்டிருந்தாள். "ஏங்க, நான் ஒண்ணையும் உடைக்கல."

அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியிருந்தது என்று நான் எழுதினால் பொய். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் எழுத உட்கார்ந்துவிட்டாள். ஏரிப்பாசிக்கு வெளிக்கைகள் இருக்கின்றன, இருக்க வேண்டிய இடத்தில் இருக்கின்றன, இல்லாத இடத்தில் இல்லை. அது மெதுவாக நீந்துவதற்குக் காரணம் அந்தக் கைகள் இல்லாமை அல்ல. காரணம் என்னவென்று இந்த ஆய்வு சொல்லவில்லை. இதுதான் அத்தியாயத்தின் சாரம். கடைசி வாக்கியத்தை எடுத்துவிடலாமே என்று பேராசிரியர் கேட்டபோது, அது இருக்கட்டும் சார் என்றிருக்கிறாள்.

படங்களில் ஒரு சிறு சண்டை நடந்தது. சாம்பலும் புள்ளியுமான சுழற்றாத படத்தை முதலில் வைத்தாள். சுழற்றியது அடுத்து, 'இதில் ஒன்பது தெரிவது முறையின் விளைவு' என்ற குறிப்போடு.

"நாங்கோ அவ்ளோ கஷ்டப்பட்டு சுத்துனத பின்னால தள்ளிட்டியே தங்கச்சி."

"புதுசா வரைஞ்சு குடுங்க, அத பெருசா போடறேன்."

அவர் வரைந்தார். இம்முறை ஒன்பது இணைகளையும் தனித்தனியாக, படத்தைப் பார்த்துப் பார்த்து. வேலைக்கு மூன்று மடங்கு நேரமானது. எட்டு வெளிக்கைகள், ஒரு பாலம். 'சம இடைவெளி' என்ற சொல் எங்கும் இல்லை.

மார்ச்சுக்குள் ஆய்வேடு போய்ச் சேர்ந்தது. வாய்மொழித் தேர்வு 1989 ஜனவரியில். நானும் நண்பரும் கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். அவர் இஸ்திரி போட்ட சட்டையோடு, கல்யாண கேமராவும் கொண்டுவந்திருந்தார். வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் வயதானவர். ஏட்டைப் புரட்டி, அந்தச் சுழற்றாத படத்தில் நிறுத்தினார். "இங்கே ஒரு கை இல்லையே. பிய்ந்துவிட்டதா?"

நண்பர் என் முழங்கையைப் பிடித்தார்.

"இல்லை சார். அந்த இடத்தில் கை கிடையாது," என்றாள் அவள். பிறகு காரணங்களை ஒவ்வொன்றாகச் சொன்னாள்: எல்லாப் படத்திலும் ஒன்றே ஒன்று, பக்கத்தில் பாலம், இருவர் தனித்தனியே குறித்தது, பொருந்தாத ஒரு படம், ஏற்கெனவே வெளிவந்திருந்த கட்டுரை. தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, படத்தைக் கண்ணுக்கு மிக அருகில் வைத்துப் பார்த்தார். "ஆமாம்," என்றார். "கிடையாதுதான்." பக்கத்தைத் திருப்பினார்.

அன்று மாலை ஆவடி ரயிலில் உட்கார இடமிருந்தது. நண்பரும் நானும் உட்கார்ந்தோம். அவள் மட்டும் வாசல் கம்பியைப் பிடித்து, காற்றில் தலைமயிர் கலைய, கடைசிவரை நின்றுகொண்டே வந்தாள்.